பின்படியைச் சுரண்டிய பிளேடு

இன்று காலை எங்கள் தி. நகர் அடுக்ககத்தின் செயலாளர், கீழே முன்படியருகே இருக்கும் கழிப்பறையைச் சாமான் அறையாக்கலாம் என்றார்.

"யாரு மாமி அத யூஸ் பண்றா? வேஸ்ட்டா கிடக்கு."

படியைப் பெருக்கிக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்தாள். "நான்தான் சார். நாலு பில்டிங்ல வேல செய்றேன், இங்க மட்டுந்தான் எங்களுக்கு எடம் கீது. அதையும் பூட்டிட்டா இன்னா பண்றது?"



எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தக் கட்டடத்தை வரைந்தவள் நான். வேலைக்காரர்களுக்குத் தனிப் பின்படி வேண்டும் என்பது அன்றைய உரிமையாளரின் கட்டளை.

அப்போது எங்கள் அடையாறு அலுவலகத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண் கட்டடக்கலைஞர் ஒருவர் சில மாதங்கள் பணியாற்றினார். தன் ஊரில், தானே வடிவமைத்த கட்டடத்துக்குள் பின்வாசல் வழியாக அனுப்பப்பட்டவர். என் வரைபடத்தைப் பார்த்தார். பிளேடை எடுத்து, வரைதாளில் பின்படியின் மைக்கோடுகளைச் சுரண்டி அழித்தார். முன்படியருகே இந்தக் கழிப்பறையை வரைந்தார்.

ஒரே படியென்றால் சிமெண்ட் மிச்சம் என்று நாங்கள் சொன்னதும் உரிமையாளரின் ஆசாரம் இளகிவிட்டது.

நான் படித்த எந்தக் கட்டடக்கலை நூலிலும் அவரைப் போன்றோரின் பெயர் இல்லை. என் தொழிலில் உருப்படியானவற்றில் பாதி அவர் தந்தது.

"சரிம்மா, இருக்கட்டும்" என்றார் செயலாளர், செல்வியிடம்.

"அப்டியே தாப்பா ஒண்ணு போட்டுக் குடு சார்" என்றாள் செல்வி.

உங்கள் அடுக்ககத்தில் வேலை செய்யும் பெண்கள் எங்கே போகிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதலாம். தெரியாதவர்கள் அவர்களையே கேட்டுவிட்டு வந்து எழுதலாம்.