மந்துபாதர வண்டி

வெல்டிங் புகைக்கு ஒரு ருசி உண்டு. துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்த மாதிரி... நாயுடுபேட்டை ஷெட்டில் சேர்ந்த முதல் வாரம் முழுக்க எனக்குக் காபியிலும் அதுதான், சாம்பாரிலும் அதுதான்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். முதல் வேலை, ராணுவத்துக்குக் கவச வண்டி செய்கிற கம்பெனியில். சாலையில் புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுக்கப் போகிறவர்கள் இந்த வண்டியில்தான் போவார்கள். வெடி மேலேயே ஏறிவிட்டாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும்.

இதை நைனாவிடம் நான் சொல்லவில்லை. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

வேலைக்குக் கூப்பிட்டுக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அவரே பேசினார். ஆந்திர எல்லையில், குடிபாலாவில் கரும்பு வைத்திருக்கிறவர். வெல்ல மண்டியில் பேரம் பேசுகிற அளவுக்குத் தெலுங்கு தெரியும். அந்தப் பக்கம் "மந்துபாதர" வண்டி என்றார்கள். தெலுங்கில் அது கண்ணிவெடி. நைனாவுக்குத் தெரிந்த மந்து, மருந்து. பாதர, பாத்திரம்.

"மருந்துப் பாத்திரம் ஏத்திக்கினு போற வண்டியாம். நல்ல வேலை பாப்பா, புண்ணியம்," என்றார்.

நான் திருத்தவில்லை. திருத்தினால் அனுப்ப மாட்டார் என்று பயம். தவிர, நான் பொதுவாகவே வாய் திறக்காத ரகம்.

ஆறு மாதம் ஊருக்கெல்லாம் நான் மருந்து வண்டிக்காரி. லீவில் போனால் பக்கத்து வீட்டு அக்கா, "சுகர் மாத்திரை எதனா சல்லிசா கெடைக்குமாடி?" என்று கேட்பாள். சிரித்து வைப்பேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் குடும்பத்தை அழைத்து வரலாம். நைனா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பஸ் மாறி மாறி வந்து இறங்கினார்.

வண்டிக்கு மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை. மார்பளவுச் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம். குண்டுக்கு அசையாத வண்டி, திருஷ்டிக்கு மட்டும் பயப்பட்டது.

நைனா ஒரு சுற்று சுற்றி வந்தார். "மருந்து எங்க வெப்பாங்க?"

சூப்பர்வைசர் மஸ்தானய்யா விழுந்து விழுந்து சிரித்தார். "மந்து காதண்ணா, மந்துபாதர! பாம்பு!" மருந்து இல்லை, வெடிகுண்டு என்கிறார். தெலுங்கில் 'பாம்' அப்படித்தான் ஒலிக்கும்.

நைனா ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். "பாம்பா? எங்க?"

மஸ்தானய்யா இரண்டு கைகளையும் விரித்து, "டமார்!" என்று காட்டினார்.

ஷெட்டே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை.

"குண்டு வேலையா பாப்பா? ஆறு மாசமா வாயத் தொறக்காம கீற? பைய எடு. சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குப் போறோம்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். எல்லாரும் பார்க்கிறார்கள்... எப்படியோ வாய் திறந்துகொண்டது.

"குண்டு செய்யல நைனா. குண்டு வெடிச்சாலும் உள்ள கீறவங்க சாவக்கூடாதுன்னு செய்றோம். குனிஞ்சு அடியில பாரு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"தட்டையா இல்லியே. கலப்பைக் கொழுவாட்டம் கூரா கீது."

"தட்டையா இருந்தா வெடி அப்டியே மேல தூக்கிடும். இப்டி இருந்தா, கொழு மண்ணத் தள்ற மாதிரி ரெண்டு பக்கமும் பிரிச்சு உட்டுடும்."

நடு மடிப்பில் ஓடிய வெல்டிங் கோட்டை விரலால் தடவினார். "இந்தத் தையல் யாரு போட்டது?"

"வெல்டர். ஒயுங்கா கீதான்னு பாக்கறது நான்."

"நீ கவனிக்காம உட்டுட்டா?"

"வெடிக்கும்போது அங்கதான் பிரியும்."

நைனா நிமிர்ந்தார். கையில் ஒட்டிய தூசியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பறம் நீ எதுக்கு என்கூட பஸ்ஸுக்கு வர? போய் வேலயப் பாரு."

அவ்வளவுதான். பூஜை நாளில் என்ன வேலை இருக்கும்? ஆனாலும் அந்த வார்த்தையில் நான் அரை அடி உயர்ந்துபோனேன்.

பிறகு வண்டிக்குள் ஏறிப் பார்த்தார். வெடியின் அதிர்வு உடம்புக்கு ஏறாமல் இருக்க, சீட்டுகள் தரையைத் தொடாமல் கூரையிலிருந்து தொங்கும். "ஊஞ்சல் கட்டி வெச்சிக்கிறாங்கப்பா!" என்று அதிலேயே உட்கார்ந்துகொண்டார். மஸ்தானய்யா புளியோதரைப் பொட்டலத்தை நீட்டினார். "துன்னலாமா? இதுல பாம்பு எதுவும் இல்லியே?" என்று கேட்டுத்தான் வாங்கினார்.

இப்போது நிறைய மாறிவிட்டது. அன்று பலகையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போய், டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து வெல்டிங் பார்ப்பேன். தலை வாரினால் சீப்பில் இரும்புத் தூள் வரும். இன்று ஏசி அறை, கம்ப்யூட்டர் திரை. மூன்று பெண்கள் என்னிடம் வேலை பழகுகிறார்கள். வருகிற அதிகாரிகள் முன்னால்கூடப் பேசிவிடுகிறேன்.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தை உள்ளே விடுவதில்லை. செக்யூரிட்டி. முடிந்த வண்டிகளும் தார்ப்பாய் போர்த்தி, டிரெய்லரில்தான் கிளம்பும்.

போன வாரம் காலையில் நைனா போன் செய்தார். பின்னால் ஹைவே இரைச்சல்.

"பாப்பா, உன் வண்டி போவுது. கும்புட்டுட்டேன்."

"மூடியிருக்குமே நைனா, எப்டித் தெரிஞ்சுது?"

"எனக்கு இன்னா தெரியும்? பெருசா எது மூடிக்கினு போனாலும் ஒரு கும்புடு போட்டுடுவேன். உள்ள உக்காரப் போறவன் எவன் பெத்த புள்ளயோ."

அந்த ரோட்டில் அப்படி மூடிக்கொண்டு போகிறதில் பாதிக்கு மேல் டிரான்ஸ்பார்மராகத்தான் இருக்கும்.

நான் சொல்லவில்லை.