டேங்கில் பூசிய சுண்ணாம்பு

என் மாமாவின் லாரி குமுளி மலையில் பின்பக்கமாகத்தான் ஏறும். இன்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்தப் பழைய வண்டியில் பெட்ரோல் டேங்க் ஓட்டுகிறவரின் இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானாகச் சரிந்துதான் எஞ்சினுக்குப் போகவேண்டும். தேனியில் நிரப்பியது மலையடிவாரம் வருவதற்குள் குறைந்துவிடும். அப்புறம் ஏற்றத்தில் எஞ்சின் மேலே, டேங்க் கீழே என்றாகி, வண்டி இருமி இருமி நின்றுபோகும். மாமா லாரியைத் திருப்பிக்கொள்வார். கழுத்தை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடியே தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசி மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

அவர் என் அம்மாவின் தம்பி. எங்களோடு கம்பத்தில் இருந்தார். லாரியை நினைத்து அவர் வெட்கப்பட்டதே இல்லை. அவருக்கும் சேர்த்து நான் வெட்கப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டதும் பையன்கள் பின்பக்கமாக நடக்கத் தொடங்குவார்கள். "ஏலே, ஒதுங்குங்க, குண்டிலாரி வருது" என்பான் ஒருவன். மற்றவர்கள் எஞ்சின் போல உறுமுவார்கள்.

இந்த நிலையில் எங்கள் வாத்தியார், வகுப்பு முழுவதையும் தேக்கடி அணை பார்க்கக் கூட்டிப்போக மாமாவின் லாரியைக் கேட்டார். மாமா மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பே ஏறி உட்கார்ந்து பின்பக்கமாக மலையேறினால் அப்புறம் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது. டேங்கை மேலே தூக்கி வைத்தால்தான் நான் வருவேன் என்று மாமாவிடம் அடம் பிடித்தேன்.

"அதுவும் சரித்தேன் மாப்ளே. எனக்கும் கழுத்து வலிக்குது" என்று சிரித்தார்.

கடைத்தெருவில் தகர வேலை செய்த ராவுத்தர் வந்தார். டேங்கைக் கழற்றி, எஞ்சின் மூடிக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் உட்காரும்படி வெட்டி, வளைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். புறப்படுவதற்கு முந்தைய மாலையில் வேலை முடிந்தது. உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, விளிம்பெல்லாம் சுண்ணாம்பு பூசி, எங்கள் வாசலில் ஒரு பலகைமேல் வைத்தார்.

"விடிஞ்சதும் பாருங்க. வெள்ளை வெள்ளையாவே இருந்தா வண்டியில ஏத்துங்க. எங்கனயாச்சும் கருத்திருந்தா கசியுதுன்னு அர்த்தம். ஆள் அனுப்புங்க, திரும்பப் பத்தவைக்கணும். அரை நாள் ஆகும்."

மாமா என் தலையில் கைவைத்து, "எங்க மாப்ள பாத்துச் சொல்லுவாக. கழுகுக் கண்ணு" என்றார்.

விடியும்போதே போய்ப் பார்த்தேன். கீழ் விளிம்பின் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு கருத்திருந்தது. தெருமுனையில் பையன்களின் சத்தம் கேட்டது. அரை நாள் ஆகுமென்றால் வாத்தியார் காத்திருக்க மாட்டார். வகுப்பு வேறு வண்டியில் போய்விடும், எங்கள் லாரி முன்பக்கமாக ஏறுவதைப் பையன்கள் பார்க்கவே மாட்டார்கள். அம்மாவின் வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை வழித்து வந்து அந்தக் கறையின்மேல் அப்பினேன்.

"எப்படி மாப்ளே?" என்று உள்ளிருந்து மாமா கேட்டார்.

"வெள்ளையாத்தேன் இருக்கு மாமா."

கூடலூரைத் தாண்டி லாரி முன்பக்கமாக மலையேறியது. பின்னால் பையன்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் மாமாவின் பக்கத்தில் அரசனைப்போல உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேனே தவிர, என் கண் டேங்கைவிட்டு நகரவில்லை.

"பெட்ரோல் வாடை வருதா மாப்ளே?"

"இல்லையே மாமா."

அடுத்த வளைவில் எஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து புகை வந்தது. பிறகு தீ வந்தது. மாமா வண்டியை மலைப்பக்கமாக ஒடித்து நிறுத்தி என்னை வெளியே தள்ளினார். பின்னால் இருந்தவர்களை வாத்தியார் ஒவ்வொருவராக இழுத்து இறக்கினார். அது முடியும்வரை டேங்க் வெடிக்காமல் இருக்கவேண்டும். மாமா மூடியைத் தூக்கிவிட்டு, தீக்குள் கையைவிட்டு, பெட்ரோல் குழாயின் திருகை அடைத்தார். பிறகு அதே கையால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். பையன்களில் ஒருவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் வலது கை மட்டும் மணிக்கட்டுவரை வெந்துபோயிற்று.

மறுநாள் ராவுத்தர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பிள்ளைகளக் கொல்லப் பாத்தேன்னு கடைத்தெருவே பேசுது. நான் பத்தவச்சது கசியாது. தம்பி, நீங்க சொல்லுங்க. காலையில வெள்ளையாத்தானே இருந்துச்சு?"

"வெள்ளையாத்தேன் இருந்துச்சு" என்றேன்.

மாமா துணி சுற்றிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரோட்டுக் குலுக்குல விட்டிருக்கும் ராவுத்தரே. நீங்க என்ன செய்வீக" என்றார். அம்மா ராவுத்தருக்கு வெற்றிலைத் தட்டை எடுத்து வந்து வைத்தாள். சுண்ணாம்புக் கிண்ணம் வழித்தெடுத்தாற்போல் காலியாக இருந்தது. மாமா அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அதன்பின் லாரிக்காரர்கள் யாரும் ராவுத்தரிடம் வேலை கொடுக்கவில்லை. குடத்துக்கு ஒட்டுப் போட்டும் புனல் செய்தும் காலம் தள்ளினார். மாமா ஒருவர் மட்டும் அவரிடமே போனார். டேங்கை மறுபடியும் இருக்கைக்கு அடியில் மாட்டியதும் ராவுத்தர்தான். அன்றும் சுண்ணாம்பு பூசி வாசலில் வைத்தார். விடிந்ததும் நான் ஓடினேன். மாமா எனக்கு முன்னமே அங்கே குந்தியிருந்தார். வெந்த கை ஆறாததால் இடது கைவிரலால் விளிம்பு முழுவதையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாக்குறேன் மாமா."

"வேணாம் மாப்ளே. நீ போயி வெளையாடு."

லாரி பழையபடி பின்பக்கமாக மலையேறியது. அப்புறம் மாமா என்னை எந்த வேலையும் ஏவியதில்லை. சக்கரத்துக்குக் கல் வைக்கவோ, மூட்டை எண்ணவோ, கடையில் ஒரு சொல் சொல்லிவிட்டு வரவோகூடக் கூப்பிடவில்லை. நானாகப் போய் நின்றாலும், நீ போயி வெளையாடு மாப்ளே என்பார், சிரித்த முகமாகவே.

எங்கள் மாமாவைப்போலச் செல்லம் கொடுக்கிற மாமா கம்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.