அபிநயாவின் நான்கு கேள்விகள்

அபிநயா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு புகாராக வந்து சேர்ந்தது.

அவளோடு வேலை செய்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து 'பஸ் பலகை' என்று ஒரு மென்பொருளை வளர்த்துவருகிறோம். எந்த ஊர்க்காரரும் தன் ஊர் பஸ் நேரங்களை எழுதி இணையத்தில் வைத்துக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் நிரலை யாரும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், எடுத்துக்கொண்டு போகலாம். பக்கத்தின் அடியில் 'தப்பு இருந்தா சொல்லுங்க' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி எழுதுவது எல்லோரும் பார்க்கிற பொதுப் பட்டியலில் புகாராக வந்து நிற்கும். செஞ்சிப் பக்கத்து நேரங்களைப் பார்த்துக்கொண்டவள் அபிநயா. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடம்.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில்தான் புகார்களைப் பார்ப்பது என் வழக்கம். அன்று மேலே நின்ற புகாரின் தலைப்பு, 'அபிநயா இல்ல.' நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு குறும்பு உண்டு. பொத்தான் வேலை செய்கிறதா என்று சோதிக்க 'கோட்டையக் காணோம்' என்றெல்லாம் புகார் எழுதி அனுப்புவாள், நாங்கள் மூடிவிடுவோம். என் கை மூடும் பொத்தானுக்குப் போய்விட்டது. போகிற போக்கில்தான் உள்ளே இருந்ததைப் படித்தேன்.

"இந்த பஸ் டைம் போட்ற பொண்ணு அபிநயா செவ்வாக்கிழம எறந்துட்டா. அவகூட வேல செய்றவங்களுக்கு சொல்லணும். நம்பர் தெரியாது. அவ போன் தெறக்க முடியல. இப்படிக்கு அவ நைனா."

அதற்குக் கீழே எங்கள் இயந்திரம் தானாக ஒரு பதில் போட்டிருந்தது. புகார் எழுதும் எல்லோருக்கும் போகிற பதில்.

"சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. பொறுமையா ஒவ்வொண்ணா சொல்லுங்க. எந்த ஊர்லேர்ந்து சொல்றீங்க? இன்னா ஆச்சு? அதுக்கு முன்னாடி இன்னா நடந்துது? மறுபடி செஞ்சு பாத்தீங்களா, அப்பவும் அப்டியேதானா? நாங்க பாத்துட்டு சொல்றோம்."

அந்த மனிதர் அதற்கும் பதில் எழுதியிருந்தார்.

"தொண்டூர் பக்கம். பொண்ணு எறந்துட்டா. தல வலிக்குதுன்னா. மாத்திர போட்டுகினு படுத்தா. காலைல காலேஜ் பஸ்ஸுக்கு எழுந்துக்கல. எழுப்பி எழுப்பி பாத்தோம். எழுந்துக்கல."

டிபன் பாக்ஸை மூடினேனா, யாரிடமாவது பேசினேனா, எதுவும் நினைவில்லை. எங்களில் ஒருவர் அவள் கல்லூரிக்குப் போன் செய்து கேட்டார். உண்மைதான். உண்மை என்று தெரிந்த பிறகு நான் செய்த ஒரே காரியம், அந்தத் தானியங்கிப் பதிலை நிறுத்திவைத்ததுதான். பெண்ணைப் பறிகொடுத்த தகப்பனிடம் 'மறுபடி செஞ்சு பாத்தீங்களா' என்று எங்கள் இயந்திரம் கேட்டிருக்கிறது. அந்தக் கேள்வியை எழுதியவளே அபிநயா. இதை எழுதும் இந்த நிமிடம்வரை எனக்கு அந்த அதிர்ச்சி தீரவில்லை.

'அவர்' என்று எழுதுவதுதான் அச்சு மரியாதை என்று தெரியும். என்னை அக்கா என்று கூப்பிட்டு நாளெல்லாம் சண்டை போட்டவளை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் எங்களிடம் வந்த விதமே ஒரு சண்டைதான். முதன்முதலாக அவள் அனுப்பிய திருத்தத்தில் புதிதாக ஒரு வரிகூட இல்லை. எல்லாம் நீக்கல். பக்கத்தின் மேலே ஒரு பஸ் ஓடிக்கொண்டே இருக்கும் படம் வைத்திருந்தோம், அதைத் தூக்கியிருந்தாள். அழகான எழுத்துருவைத் தூக்கியிருந்தாள். யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும் கருவியையும் தூக்கியிருந்தாள். அந்தப் படத்தை வரைந்தவள் நான். இத்தனை வருடம் கம்பெனியில் குப்பை கொட்டியவளுக்கு ஒரு கல்லூரி மாணவி பாடம் எடுப்பதா என்று சுருக்கென்றது. எதற்காக நீக்கினாய் என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன். பதில் உடனே வந்தது.

"அக்கா, எங்க நைனா போன்ல இந்தப் பக்கம் தெறக்கறதுக்குள்ள பஸ்ஸே வந்துட்டு போயிடுது. பஸ்ஸு படம் எதுக்கு? அவருக்கு பஸ்ஸுதான் வேணும்."

கணக்கெடுக்கும் கருவியை மட்டுமாவது விட்டுவை, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டாமா என்றேன். "எந்தப் பொண்ணு எந்த பஸ்ல எத்தினி மணிக்குப் போறான்னு நம்ம எதுக்குக்கா தெரிஞ்சி வெச்சிக்கணும்?" என்று கேட்டாள். திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டேன். என் பஸ் படம் போனது போனதுதான்.

அவள் கருத்துகள் எல்லாமே இப்படி ஒரு ஆளை மனதில் வைத்துக்கொண்டுதான் இருக்கும். இலவச மென்பொருள் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அவள் வகுப்புத் தோழர்கள், சும்மா கொடுப்பதற்கு ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று கேலி செய்வார்களாம். அவள் சொன்னதை அவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். "சும்மா கெடைக்குதுன்னு எடுத்துக்கறவங்க எடுத்துக்கட்டும். உள்ள இன்னா இருக்குதுன்னு பிரிச்சு பாக்க ஒருத்தன் வருவான் பாரு, அவனுக்காகத்தான் தெறந்து வெச்சிருக்குது." வேலைக்குத் தேவை என்று புதிதாக வரும் வலைத் தொழில்நுட்பங்களை எல்லாம் அவளும் படித்தாள், நன்றாகவே தெரியும். ஒரு பஸ் நேரத்தைக் காட்ட அவ்வளவு பெரிய மூட்டை தேவையில்லை என்பதுதான் அவள் கட்சி.

எல்லாவற்றிலும் அவள் சொன்னதே சரி என்று சொல்லமாட்டேன். பிடிவாதக்காரி. நிரலுக்கு நடுவே குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுவேன் என்று நின்றாள். வெளிமாநிலத்து நண்பர் ஒருவர் உதவ வந்து, ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார். "அவருக்கு நான் மொழிபெயர்த்து தர்றேன்" என்று அதற்கும் வீம்பு. செய்தும் கொடுத்தாள். அதற்குள் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஒரே ஒரு முறைதான் அவளை நேரில் பார்த்தேன். செஞ்சியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் சனிக்கிழமை எல்லோரும் கூடினோம். வந்தது வந்தோம், ராஜகிரி மலைக்கோட்டை ஏறிவிட்டுப் போகலாமே என்று எனக்கு ஆசை. அபிநயா கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "கோட்ட எங்கியும் போவாதுக்கா. அவலூர்பேட்ட பஸ்ஸு போயிடும்." அங்கே கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் தன் போனைக் கொடுத்து, அடுத்த பஸ் எப்போது என்று பார்க்கச் சொன்னாள். அந்த அம்மா தேடினார். தப்பான இடத்தைத் தொட்டார். காட்டிக்கொடுக்க நான் விரலை நீட்டியபோது அபிநயா என் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். "சொல்லித்தராதீங்க. அவங்க எங்க தடுமாறாங்களோ அங்கதான் நம்ம தப்பு இருக்குது." அந்த அம்மா நிமிர்ந்து, "இன்னாம்மா இது, பஸ்ஸு வந்துடுச்சு பாரு, போன நீயே வெச்சிக்கோ" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். அபிநயா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளே பக்கத்தை மாற்றினாள். திறந்ததும் அடுத்த பஸ் மட்டும் பெரிய எழுத்தில் தெரியும்படி அப்போது செய்ததுதான், இப்போது எல்லா ஊரிலும் இருப்பது.

அந்த நான்கு கேள்விகளும் அதே காலத்தில் வந்தவைதான். அதற்குமுன் எங்கள் தானியங்கிப் பதில் ஆங்கிலத்தில் இருந்தது. எந்த பிரவுசர், அதில் எந்தப் பதிப்பு, அந்தப் பிழையை மறுபடி வரவழைக்கும் படிகள் என்ன என்று கேட்கும். முக்கால்வாசிப் பேர் பதில் எழுதாமலே போய்விடுவார்கள். "கம்ப்ளைன்ட் குடுக்க வந்தவங்கள பரீட்சை எழுத வெக்காதீங்க" என்று சொல்லி, பேசுகிற பேச்சிலேயே கேள்விகளை எழுதிப் போட்டாள். அதன்பிறகு மக்கள் பதில் எழுதினார்கள்.

இன்னொரு சண்டையையும் சொல்லியாக வேண்டும். பதில் இல்லாமல் கிடக்கும் புகார்களை, கொஞ்ச நாள் கழித்து இயந்திரமே மூடிவிடும்படி ஓர் ஏற்பாடு செய்ய நினைத்தோம். எனக்குத் திறந்திருக்கும் புகார்கள் பூஜ்யம் என்று பார்த்தால்தான் மனசு அடங்கும். அபிநயா ஒத்துக்கொள்ளவே இல்லை. "முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. கதவ சாத்திட்டு தீந்துபோச்சுன்னு சொல்லாதீங்க" என்றாள். எல்லோரிடமும் கருத்துக் கேட்டோம். அவள் பக்கம் அவள் மட்டும்தான். ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இப்போதும் சொல்கிறேன், இதையெல்லாம் சும்மா செய்கிற விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் நாங்கள், எல்லாப் புகாரையும் திறந்துவைத்துக்கொண்டு உட்கார முடியாது. இதற்கு அவள் என்ன சொல்வாள் என்றும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை.

கருமாதிக்குப் போனோம். கூடத்தில் மாலை போட்ட படம். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தையே பெரிதாக்கியிருந்தார்கள், அதில் அவள் முறைப்பதுபோல் இருந்தாள். அவள் அப்பா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"பஸ் டைம்ல வேல செய்றவங்களா? ஒக்காருங்கம்மா. நா எழுதனதுக்கு கேள்வி கேட்டாங்களே, அது உங்கள்ல யாரு?"

கூட வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். "மன்னிச்சிடுங்க, அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன்.

"மன்னிப்பு எதுக்குமா?" என்றார். "வந்தவங்க எல்லாம் கட்டிப் புடிச்சி அழுதாங்க. இப்டி ஆயிடுச்சேன்னாங்க. போனாங்க. இன்னா நடந்துதுன்னு மொதல்லேர்ந்து ஒவ்வொண்ணா கேட்டது அவங்க ஒருத்தங்கதான். கேக்க கேக்க எழுதிட்டேன். எழுதனப்புறம்தான் எனக்கு அழுகையே வந்துது. அதுவரைக்கும் கல்லு மாதிரி ஒக்காந்திருந்தேன்."

எதைப் பார்த்து நான் நடுங்கி நிறுத்திவைத்தேனோ, அதைத்தான் இந்த மனிதர் துணையாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அதைக் கேட்டது நாங்க யாரும் இல்லைங்க," என்றேன். "புகார் குடுக்கிறவங்க எல்லாருக்கும் தானா போற பதில் அது. ரொம்ப நாள் முன்னாடியே எழுதிவெச்சது. எழுதினது அபிதான்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பக்கம் உடனே திறந்தது, அவள் எடைகுறைத்த பக்கமல்லவா. உதட்டை அசைத்து அசைத்து அவர் படித்தார்.

"பொறுமையா ஒவ்வொண்ணா சொல்லுங்க," என்று வாய்விட்டுச் சொன்னார். "ஆமா. நா கத்தும்போது இப்டித்தான் சொல்லுவா. பொறுமையா ஒவ்வொண்ணா சொல்லு நைனான்னுவா." போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அப்ப நா அவகிட்டயேதான் சொல்லிகினு இருந்திருக்கேன்."

அவர் இன்னும் படித்துக்கொண்டுதான் இருந்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"பாத்துட்டு சொல்றோம்னு போட்டிருக்குதே. அத யாருமா சொல்லுவாங்க?"

பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி என்னோடே வந்தது. மறுநாள் அலுவலகத்தில் புகார்ப் பட்டியலைத் திறந்தால், அவர் எழுதியதற்குக் கீழே இயந்திரம் இன்னொரு அறிவிப்புப் போட்டிருந்தது. கொஞ்ச நாளாக இந்தப் புகாரில் யாரும் எதுவும் எழுதாததால் விரைவில் மூடப்படும்.

இந்த ஒரு புகாரை மட்டும் இயந்திரம் தொடாதபடி முதலில் விலக்கிவைத்தேன். நிறுத்தியிருந்த நான்கு கேள்விகளையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் திரும்ப ஓடவிட்டேன். பிறகு அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆழ்ந்த இரங்கல் என்று எழுதி அழித்தேன். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எழுதி அழித்தேன். அவள் இருந்திருந்தால் இவை இரண்டையும் அவளே நீக்கி அனுப்பியிருப்பாள். கடைசியில் அவள் சொன்னபடி எழுதினேன்.

"ஐயா, பார்த்துவிட்டோம். எங்களால் இதைச் சரிசெய்ய முடியவில்லை. மூடவும் மாட்டோம்."

அரை மணிக்குள் பதில் வந்தது. "சரிம்மா."

அபிநயாவை அறிந்தவர்களே, அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது என்று கேட்டால் இதுதான். பட்டியலின் உச்சியில், திறந்திருக்கும் புகார்கள் எத்தனை என்று காட்டும் இடம் ஒன்று உண்டு. அது பூஜ்யம் ஆனால்தான் எனக்கு மனசு அடங்கும் என்றேனே. நாங்கள் எவ்வளவு வேலை செய்தாலும் இனி அங்கே ஒன்று என்றுதான் நிற்கும். அந்த ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன்.