பூட்டுக்காரரின் மனைவி

அலுவலகத்தில் அவரைப் பூட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பார்ப்பது கட்டட வரைபடம் போடுகிற வேலை. ஆனால் யாரோ ஒருவருடைய கணினிக்குள் திருடன் புகுந்த கதையை இணையத்தில் படித்த நாளிலிருந்து, வீட்டுக் கணினிக்குக் காவல் போடுவதே அவருக்கு மூச்சாகிவிட்டது.

அதுவரை வெளியூரிலிருந்து அதைத் திறக்க ஒரு ஆப் வைத்திருந்தார். ஒரு தட்டு, ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான். "வாசக்கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கற மாதிரி" என்று அதைக் கடாசினார். புதிய ஏற்பாட்டில் முழநீளப் பாஸ்வேர்டு, அதற்கு மேல் கைப்பேசிக்கு வரும் எண். கைப்பேசி இல்லாமல் போனால் அந்த எண் வீட்டுக் கணினித் திரையில் தோன்றும். வீட்டில் இருப்பவர் படித்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் இருப்பவர் என்றால் மனைவி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். அவருக்கும் வகுப்பு நடந்தது.

"யார் கேட்டாலும் நம்பரைச் சொல்லாத. என் குரல்ல கேட்டாலும் சொல்லாத. இப்பல்லாம் குரலையே அச்சு அசலா செஞ்சிடறாங்க."

மனைவி தலையாட்டினார். அப்போதுதான் வகுப்பு முடியும்.

கொஞ்ச நாளில் வெளியூரில் ஒரு கூட்டம். போன இடத்தில் பூட்டுக்காரரின் கைப்பேசி கழுவுதொட்டியில் விழுந்து உயிரை விட்டது. காட்ட வேண்டிய வரைபடமோ வீட்டுக் கணினியில். நல்லவேளை, அன்று மனைவிக்குக் கடை விடுமுறை. மேலாளர் தன் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

"நான்தான். திரையில ஒரு நம்பர் வந்திருக்கும், படி."

"அவர் போன் நம்பர் இது இல்லையே" என்று மனைவி வைத்துவிட்டார்.

பூட்டுக்காரர் மறுபடி அழைத்தார்.

"குரலை நம்பக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். நீங்க அவர்தான்னா, அவர்கிட்ட எனக்குப் பிடிக்காதது என்னன்னு சொல்லுங்க."

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடறது" என்றார் பூட்டுக்காரர், குரலைத் தாழ்த்தி.

"அது எல்லா வீட்லயும் நடக்கறது. வேற?"

"குறட்டை."

"அதுவும் பொதுதான்."

மேலாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பூட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. அந்த எண் அரை நிமிடத்தில் செத்துவிடும் என்பதில் ஆரம்பித்தார். அது எப்படிப் பிறக்கிறது, திருடன் கையில் கிடைத்தாலும் ஏன் பயனில்லை, பழைய ஆப்பில் என்ன ஓட்டை என்று மூச்சு விடாமல் விளக்கிக்கொண்டே போனார்.

"போதும் போதும், நீங்கதான்" என்றார் மனைவி. "ஒரு கேள்விக்கு இவ்வளவு நேரம் பதில் சொல்ல எந்தத் திருடனுக்கும் பொறுமை இருக்காது. இந்தாங்க, இப்ப புதுசா வந்திருக்கற நம்பர், எழுதிக்குங்க."

வரைபடம் திறந்தது. கூட்டத்தில் அதைப் பார்த்தவர்களைவிட அவரைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

வீடு திரும்பியதும், பழைய ஆப்பே தேவலை என்று மனைவி சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. கடைசியில், தன் கைப்பேசி கைவிட்டால் மனைவியின் கைப்பேசியில் 'அனுமதி' என்று ஒரு பொத்தான் வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். எண்ணும் இல்லை, வகுப்பும் இல்லை, தொட்டால் போதும். மனைவிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தொடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அவரைக் காக்க வைப்பது அதைவிடப் பிடித்திருந்தது.