பன்னிரண்டாவது வீட்டின் சுவர்

1975க்கும் 1984க்கும் இடையில் மங்களேஸ்வரி தென்காசியில் பதினொரு பழைய வீடுகளைப் புதுப்பித்தார். ஒன்றில்கூட அவர் குடியிருந்ததில்லை. பாழடைந்ததை வாங்குவார், செங்கோட்டையிலிருந்து கொல்லத்து ஓடு இறக்குவார், குற்றாலத்துக்குச் சீசன் வாடகைக்கு வருகிறவர்களைக் கூட்டிவந்து காட்டி விற்றுவிடுவார். அவரும் கணவரும் ரயில்வே கேட் அருகே ஒற்றை அறையில் இருந்தார்கள்; ஒரே குழாய்க்கு ஆறு குடும்பம்.

பன்னிரண்டாவதை விற்பதில்லை என்று முடிவு செய்தார். ஆவணியில் பால் காய்ச்ச நாளும் குறித்தாயிற்று.

ஊரின் பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இவர் வீட்டு உத்திரமும் அடுத்த வீட்டு உத்திரமும் அதே மண்சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் கடப்பாரையைத் தொடும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே போய் உத்திரம் எங்கே இருக்கிறதென்று பார்ப்பது வழக்கம். பதினொரு வீட்டிலும் மங்களேஸ்வரி அதைத் தவறவிட்டதில்லை.

இந்த முறை பக்கத்து வீட்டில் பூட்டு தொங்கியது. அந்த வீட்டுக்காரர் பஞ்சாபகேசன், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, இரண்டு வருடமாகப் பம்பாயில் மகனோடு இருந்தார்.

ஜூலை மாதம். விடாத சாரல். சுவரில் அலமாரிக்கு மூன்றடிக் குழி வேண்டும் என்றார் மங்களேஸ்வரி. கொத்தனார் இசக்கியப்பன் தயங்கினார்.

"அக்கா, சுவரு ஈரமா கெடக்கு. அங்கன போயி ஒருக்கா பாத்திருவமா?"

"பூட்டிக் கெடக்க வீட்டுல யாருகிட்டலே கேக்க? பம்பாய்க்குத் தந்தி அடிக்கவா? குத்துலே."

நாலாவது குத்தில் மண் பொலபொலவென்று கொட்டியது. அடுத்து மடமடவென்று ஒரு சத்தம். தெருவே வெளியே ஓடி வந்தது. சுவரில் ஆள் நுழையும் அளவு ஓட்டை. அதற்கப்பால், புழுதிக்குள், யாரோ இருமினார்கள்.

"யாரது? வாசல்னு ஒண்ணு இருக்கே, அது வழியா வரப்படாதா?"

இசக்கியப்பன் கையிலிருந்து கடப்பாரை விழுந்தது. "அக்கா! ஐயரு!"

தலைமுதல் கால்வரை மண்ணாக, கையில் காப்பி டம்ளரோடு பஞ்சாபகேசன் நின்றுகொண்டிருந்தார்.

"சாமி... நீங்க பம்பாய்லல்லா இருக்கீங்க?"

"நேத்து வந்தேன். முன்பூட்டு துருப்பிடிச்சுத் திறக்கலை. கொல்லைப்பக்கமா வந்து படுத்தேன்."

"அடி ஏதும் படலையே?"

"எனக்கென்ன? கட்டிலைப் பாரு."

மங்களேஸ்வரி பார்த்தார். உத்திரம் கட்டிலைக் குறுக்கே இரண்டாக முறித்துக் கிடந்தது. தலையணை அதன் அடியில். காப்பி கலக்க எழுந்து ஐந்து நிமிடம் இருக்கும் என்றார் பஞ்சாபகேசன். மங்களேஸ்வரி ஈர மண்ணிலேயே உட்கார்ந்தார். கண் தலையணையைவிட்டு நகரவில்லை.

உடைந்த கூரை ஓடுகளின் வழியே சாரல் உள்ளே விழுந்தது. பஞ்சாபகேசன் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார்.

"சரி, இனிமே நான் எங்கே படுக்கறது?"

மங்களேஸ்வரி எழுந்தார். இடுப்பிலிருந்த தன் வீட்டுப் புதுச் சாவியை எடுத்து ஓட்டை வழியே நீட்டினார்.

"இங்கன இருங்க சாமி. உங்க கூரைய நான் போட்டுத் தாரேன்."

"நீ குடிவரலையா?"

"பொறவு பாத்துக்கிடலாம்."

திங்கட்கிழமை இசக்கியப்பன் பஞ்சாபகேசன் வீட்டு வாசலில் செங்கல் இறக்கினார். கூரை முடியத் தை மாதம் ஆயிற்று.