வாய் பொத்தச் சொல்லும் புரதம்

அடுத்தவர் தலையில் இருபத்தொரு வயர்களை ஒட்டிவிட்டு, "தூங்குங்க, தூங்குங்க" என்று கெஞ்சுவதுதான் என் தொழில். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், மூளையின் மின்சாரம் திரையில் கோடுகளாக நகர்வதைப் பார்த்தே இருபது வருடம் ஓட்டிவிட்டேன். மற்றவர்களைத் தூங்கவைத்துவிட்டுத் தாம் மட்டும் கொட்டாவி விடும் சக பாவப்பட்ட ஜன்மங்களே, உங்களுக்கு என் கதை புரியும்.

தலைக்குக் குளித்தவர்

மகேஸ்வரி டீச்சர் கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர். ஒருநாள் வகுப்பிலேயே, முப்பது பிள்ளைகளின் கண்ணெதிரே, வலிப்பு வந்து விழுந்துவிட்டார். பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது போனில் நான் சொன்னது இவ்வளவுதான்: "ராத்திரி முழிச்சிருங்க, காலையில தலைக்குக் குளிச்சிட்டு வாங்க."

சொன்னபடியே ஃபெரி பிடித்து வந்து சேர்ந்தார். கண்ணில் தூக்கம், தலையில் நல்லெண்ணெய் வாசம். ஒரு வயரும் ஒட்டவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. கீழே ஓடி ஷாம்பு வாங்கி வந்து, மறுபடி குளித்துவிட்டு வரச் சொன்னேன். டீச்சருக்கு வந்ததே கோபம்.

"தலைக்குக் குளின்னா எண்ணெய் இல்லாம எப்படிண்ணே? நீங்க தமிழாளுதானே?"

கையில் சாவி

குளித்து, காய்ந்து, வயர்களோடு படுத்தபோது அவர் கையில் ஒரு சாவிக்கொத்து. வலிப்பு வந்தால் இரும்பு வேண்டும் என்று கணவர் கொடுத்தனுப்பியதாம். கை அசைந்தால் கோடும் ஆடும் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

விளக்கைக் குறைத்தேன். தூரத்தில் ஃபெரியின் சங்கு ஒலித்தது. திரையில் கோடுகள் மெல்ல அகன்று, சோம்பலாய்ப் புரண்டு, கடல் மாதிரி ஆயின. அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவருடைய தூக்கத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றும். திடீரென இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் வலிப்பின் அடையாளமாகக் கூர்கூராக நாலைந்து முட்கள் எழுந்து அடங்கின. டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. விழித்ததும் சிரித்தார்.

"கனவுல புள்ளைங்க எல்லாம் கை கட்டி வாய் பொத்தி உக்காந்திருக்காங்கண்ணே. என்ன சொல்லித்தரணும்னு நான்தான் மறந்துட்டேன்."

உள்ளே இருக்கும் டீச்சர்

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில மாதம் வலிப்பு வராமல் இருந்தால் வகுப்புக்குத் திரும்பலாம் என்றார். தலையில் மிச்சமிருந்த பசையைத் துடைத்துவிடும்போது டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "ஒவ்வொரு தடவையும் மூளை கொஞ்சம் செத்துப்போகுமாண்ணே?"

அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது. எங்கள் மாடியிலேயே எலிகளின் மூளையை ஆராயும் ரோஸ்லின், முன்பு கேண்டீனில் சொன்னதை எடுத்துவிட்டேன். முதலில் சிறு வலிப்பு வந்த எலி மூளையில் சில புரதங்கள் கூடுகின்றனவாம். அவை பல மரபணுக்களைப் பேசவிடாமல் வாய் பொத்திவைக்கின்றன. அதனால் பின்னால் பெரிய வலிப்பு வந்தாலும் சாகும் செல்கள் குறைவு. முன்தயாரிப்பு இல்லாமல் நேரே பெரிய அடி விழுந்தால், அந்தப் புரதங்கள் அப்படிக் கூடுவதில்லை.

டீச்சர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் பெருமை தாங்கவில்லை.

"அப்ப என் தலைக்குள்ளயும் ஒரு டீச்சர் இருக்காங்க லா!"

நெற்றியில் தையல்

இரண்டு மாதம் கழித்து, நெற்றியில் ஐந்து தையலோடு வந்தார். ரயில் நிலையப் படியில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். மாத்திரை தூக்கம் தூக்கமாக வருகிறது என்று நிறுத்திவிட்டாராம். "சின்னதா வந்தா நல்லதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டரிடம் போய் என் வாய்க்கொழுப்பை ஒப்புக்கொண்டேன். திட்டு வாங்கினேன். அது போதவில்லை என்று ரோஸ்லினிடமும் போய் நின்றேன். அவள் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"எலிக்கு முதல் வலிப்பை நாங்க அளந்து குடுக்கிறோம்ண்ணே. உங்க டீச்சருக்கு யாரு அளப்பா?"

அமைதியான கோடு

அதற்குப் பிறகு டீச்சர் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. ஏழு மாதம் கழித்து மறுபடி வயர் ஒட்டினேன். தலையில் ஷாம்பு வாசம், கையில் சாவி இல்லை. அவர் தூங்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது பக்கத்துக் கோட்டையே பார்த்திருந்தேன். ஒரு முள்கூட இல்லை. முடிவைச் சொல்ல வேண்டியது டாக்டர். ஆனாலும் என் கண் கலங்கியதில் டீச்சருக்குப் பாதி தெரிந்துவிட்டது.

டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கதவருகில் நின்று சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்குப் போகலாமாம்.

"இனிமே புள்ளைங்கள வாய் பொத்தச் சொல்லமாட்டேண்ணே. அதுங்க சத்தம் கேட்டாத்தான் நான் முழிச்சிருக்கேன்னு எனக்கே தெரியும்."

இப்போதெல்லாம் நான் யாரிடமும் "ஷாம்பு போட்டுக் குளிங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. என் தலைக்குள்ளும் அந்தப் புரதம் கொஞ்சம் தாமதமாக வேலை செய்யத் தொடங்கிவிட்டது போலும்.