கத்தியோ?

நேற்று திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு வாசலில் நின்ற இஸ்திரிக்காரரின் பெட்டிக் கரி நனைந்து, அந்த வாடை எழுந்ததும் நான் நினைப்பில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன்.

அங்கே நான் முதலில் போய் இறங்கியதும் கரி மேல்தான். கல்லாற்றிலிருந்து வந்த கரிவண்டியில் தொற்றிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு திருநெல்வேலியை விட்டவன். ஏழெட்டு ஊரில் ஏழெட்டு வேலை பார்த்தாயிற்று. கரி போய்ச் சேர்ந்தது ஒரு ஜவுளிக்கடையின் பின்கட்டுக்கு. மண்ணெண்ணெய் விளக்கில் பச்சை என்று வாங்கிப்போன புடவை விடிந்ததும் நீலமாகிவிடுகிறது என்று சண்டைக்கு வருகிறார்களாம். அதற்காக முதலாளி கேஸ் பிளாண்ட் வாங்கிப் போட்டிருந்தார். கரியைக் காற்று குறைத்துக் கனலவிட்டால் எரியக்கூடிய வாயு வரும். அதைத் தண்ணீரில் கழுவி எஞ்சினுக்குள் விட்டால், வெடித்துச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் தோல்பட்டை வழியாக டைனமோவைச் சுழற்றும். அதிலிருந்து மின்சாரம். வாயு கசிந்தால் தலை கிறுகிறுக்கும், சமயத்தில் வாந்தி வரும். கதவைத் திறந்து வைத்துக்கொள்வோம்.

மூன்று நாளாகியும் எஞ்சின் பிடிக்கவில்லை. "இன்னிக்கு விளக்கு வைக்கதுக்குள்ள எரியலன்னா மெஷினும் போகும், நீங்க ரெண்டு பேரும் போலாம்" என்றார் முதலாளி. ரெண்டு பேர் என்பது மலையாளி மேஸ்திரியும், கரி இறக்க வந்து, கனலுக்குக் காற்றடிக்கும் விசிறியைச் சுற்ற நின்றுவிட்ட நானும்.

வாயுக் குழாயின் சின்னத் திருகைத் திறந்து தீக்குச்சி காட்ட வேண்டும். சுடர் நின்று எரிந்தால் வாயு தயார். அன்று நீலமாக நின்று எரிந்தது. எஞ்சின் அறையிலிருந்து சுவர் வழியாக மேஸ்திரி கேட்டார்: "கத்தியோ?"

நான் ஏன் கத்துகிறேன்? "கத்தல" என்றேன்.

சற்றுக் கழித்து மறுபடி, "கத்தியோடா?"

"சத்தியமா கத்தல, மேஸ்திரி."

விசிறியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். வெளியே முதலாளி மெஷினை ஏற்ற வண்டி பிடிக்க ஆள் அனுப்புவது கேட்டது. மேஸ்திரி முகம் வாடி உள்ளே வந்தார். சுடரைப் பார்த்தார்.

"எடா பாண்டி, இது பின்னே எந்தா?" தமிழன் என்றால் அவருக்குப் பாண்டிதான்.

"எரியுது."

"அதல்லேடா கத்துன்னது!"

எரிவதற்கு அவர் பாஷையில் கத்துவது என்று பெயராம். திட்ட நேரமில்லை. இருவருமாகச் சக்கரத்தைத் தள்ளினோம். மூன்றாம் சுற்றில் பிடித்தது. பல்புக்குள் கம்பி சிவந்து பிறகு வெளுத்தது. முதலாளி ஒரு நீலப் புடவையை அதன் கீழே விரித்தார். ஏறக்குறைய நீலமாகத்தான் இருந்தது. வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

அங்கே நாலு வருஷம் இருந்தேன். அதற்குமுன் எங்கும் அவ்வளவு நாள் தங்கியதில்லை. தினம் சாயங்காலம் அவர் "கத்தியோ?" என்பார், நான் "கத்தி" என்பேன்.

இப்போது மலையிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்து சாலைத்தெரு முழுக்க விளக்கு எரிகிறது. சின்னப் பெட்டிக்கடையில்கூட நீலம் நீலமாகவே தெரிகிறது. நல்லதுதான். சுவிட்சைத் தட்டியதும் வெளிச்சம். எரிந்ததா என்று கேட்கத்தான் சுவருக்கு அந்தப்புறம் ஆள் இல்லை.